அர்டிஸ் காட்டிய ஆறு

லவெல் ஸ்டக்கிக்குக் கண் தெரிந்த காலத்தில் எங்கள் ஊரில் அவனைப்போல வேடிக்கையாகப் பேச ஆள் கிடையாது. அந்த வேடிக்கை முழுக்க அவன் மனைவி அர்டிஸைப் பற்றியது. ரோண்டாவின் காபிக் கடையில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவ சுட்ட ரொட்டிய நாய்க்குப் போட்டேன். அது மோந்து பாத்துட்டு மண்ணத் தோண்டிப் பொதச்சிருச்சு" என்பான். கடையே சிரிக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப்போட்டவள் அர்டிஸ். அவளும் சிரிப்பாள். அவள் வயிற்றில் பிள்ளை தங்காமல் போனதைக்கூட அவன் அங்கே சிரிப்பாக்கினான். அன்றைக்கும் அவள் சிரித்தாள்.

சர்க்கரை நோய் அவன் கண்களைத் தின்ற பிறகு அவனுக்கு ஒரே ஆசைதான் மிஞ்சியது. ஊருக்கு வெளியே இருக்கும் தட்டைமலைக்குப் போக வேண்டும். மலைமேல் வரைக்கும் வண்டி போகும். அங்கிருந்து மேடு பள்ளம் இல்லாத பாதை. புதரும் சிவப்புப் பாறையுமாகப் போய், திடீரென்று தரை முடிந்துவிடும். கீழே அதலபாதாளத்தில் கொலராடோ ஆறு வளைந்து ஓடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அர்டிஸ் அவன் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனாள்.

"சொல்லு, தண்ணி எப்படியிருக்கு?"

"பழுப்பா இருக்கு."

"அவ்வளவுதானா? நீ சொல்றதக் கேட்டா ஆறே வத்திப்போயிரும்டி."

ஒரு ஜூலை மாதம். அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. வண்டி நிறுத்தும் இடத்தையே அவனோடு நாலைந்து முறை சுற்றினாள். பிறகு அங்கிருந்த கக்கூஸ் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்காரவைத்து, "வந்துட்டோம்" என்றாள்.

அவள் ஏமாற்றியது அவனுக்குத் தெரியவில்லை. எதிரே ஆறு இல்லாததாலோ என்னவோ, அன்றைக்கு அவள் வாயில் ஆறு பெருகி வந்தது. பச்சைத் தண்ணீர், மணல் திட்டில் ஒரு மான், பாறைப் பொந்தில் கழுகுக் கூடு.

"மொதமொறையா உருப்படியாச் சொல்லியிருக்க" என்றான் லவெல்.

மறுநாள் அவள் இதை ரோண்டாவின் கடையில் சொன்னாள். கடை குலுங்கிச் சிரித்தது. அடுத்த வாரங்களிலும் அவனை அங்கேயே உட்காரவைத்தாள். சிலர் மலைக்கே போய், கொட்டகையைப் பார்த்துக் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும் லவெலை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஒரு ஞாயிறு, அர்டிஸ் தொப்பி எடுக்க வண்டிக்குப் போயிருந்தாள். வெளியூர்ப் பெண் ஒருத்தி லவெலிடம் வந்தாள்.

"ஐயா, நீங்களும் வரிசையில இருக்கீங்களா?"

"எதுக்கு வரிசை?"

"கக்கூசுக்குத்தான்."

அவன் காலடியில் இருந்த சரளையைக் காலால் துழாவிப் பார்த்தான். "இல்லம்மா, நீங்க போங்க" என்றான்.

அர்டிஸ் திரும்பி வந்ததும், "இன்னிக்கு விளிம்போரமா இன்னும் கொஞ்சம் நடப்போமே" என்றான். உச்சி வெயில். வண்டி நிறுத்தும் இடத்துச் சரளைக்கல் தரையை அவனோடு சுற்றிச் சுற்றி வந்தாள். நிற்கப் பார்த்தால், "கழுகுக்கு எத்தன குஞ்சு? அலகு என்ன நிறம்?" என்று இழுத்தான். கடைசியில் அவள் கால் மடங்கி உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காபிக் கடையில் லவெல் குரலை உயர்த்தினான்: "எம் பொண்டாட்டி கக்கூசச் சுத்தி ஆறு ஓட விடுறா தெரியுமா? அதுல கழுகு வேற!"

போன மாதம் அவளோடு சிரித்தவர்கள் இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அர்டிஸ் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவனை நிஜப் பாதையில் நடத்திப்போனாள்.

"என்னடி, கக்கூசு இன்னிக்கு தூரமாப் போயிருச்சு?"

விளிம்பில் அவன் கையை விட்டுவிட்டு, பின்னால் போய்ப் பாறையில் உட்கார்ந்தாள். கீழிருந்து காற்று அவன் முகத்தில் அடித்தது. அவன் ஒரு கால் எடுத்துவைத்தான். ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தமே வரவில்லை.

"அர்டிஸ்? எந்தப் பக்கம்?"

அவள் ரொட்டி சுற்றிய காகிதத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அந்தச் சரசரப்பு அவனுக்குக் கேட்டது. காற்றில் அது எந்தத் திசையென்று பிடிபடவில்லை.

"தப்புதான் அர்டிஸ். நான் பேசினதெல்லாம் தப்பு. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

"தண்ணி பழுப்பா இருக்கு" என்றாள்.

அவன் குப்புறப் படுத்தான். தரையைத் தடவித் தடவி ஊர்ந்தான், தப்பான பக்கமாக. சைக்கிளில் வந்த இருவர் ஓடிவந்து இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தபோது அவன் முழங்கைகள் அந்தரத்தில் இருந்தன.

"பாத்துக்கிட்டா உக்காந்திருந்தீங்க?" என்று ஒருவன் கத்தினான்.

"அவனுக்கு இங்க வரணும்னுதான் ஆசை" என்றாள் அர்டிஸ். இதையெல்லாம் ரோண்டாவிடம் அவளே சொன்னாள், ஒன்றையும் ஒளிக்காமல்.

போலீஸ் விசாரித்தபோது, கால் தவறிவிட்டது என்றான் லவெல். அவனுக்கு வேறு யாருமில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். கடைக்கு வந்தால் அவன் வாயே திறப்பதில்லை.

தினமும் காலையில் இன்சுலின் ஊசியை அவள்தான் போட வேண்டும். அவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு, "அளவு சரியாப் பாத்தியா?" என்று கேட்பானாம். சில நாள் அவள் பதில் சொல்வாள். சில நாள் சொல்ல மாட்டாள்.