கடல் வரைந்த திரைக்குப் பின்னால் எமில்டா

எமில்டாவை ஊருக்குக் காட்டியது இந்தக் கைதான். ஐம்பது வருடமாக அவளை மறைத்து வைத்திருந்த திரையை ஒரே இழுப்பில் கீழே தள்ளியவள் நான். அமெரிக்காவில் பிறந்திருந்தால் அவள் வீட்டு அலமாரியில் இந்நேரம் நான்கு ஆஸ்கர் சிலைகள் நின்றிருக்கும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். சிலை ஒன்று போதும். ஒரே இழுப்பு என்பதும் சற்று அதிகம். ஆனால் கயிற்றுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தது உண்மை.

எமில்டா தூத்துக்குடியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள். வயது எழுபத்தேழு. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அவள் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். 1963இல் ஒரு கிராமபோன் பெட்டியையும் ஆறு இசைத்தட்டுகளையும் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். ஆறும் ஒரே நடிகை பாடியவை. நடிக்கவும் பாடவும் தெரிந்த ஹாலிவுட்காரி. உறைகளில் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். எமில்டா நிலைக்கண்ணாடி முன்னால் அதே மாதிரி கை வைத்து நின்று, ஒரு வார்த்தைக்கும் பொருள் தெரியாமல் ஆறு தட்டையும் பாடித் தீர்ப்பாள். பொருள் சொல்லிக்கொடுத்தவள் நான். பாதி சரியாகத்தான் சொன்னேன்.

அந்த நடிகையின் படம் ஒன்று ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியாக வந்தது. இடைவேளையில் எமில்டா என் காதுக்குள் ஒன்று சொன்னாள். தோழியாக வருகிறவள் வாயை மட்டும்தான் அசைக்கிறாளாம், அவளுக்கும் சேர்த்துப் பாடுவது நாயகிதானாம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

“ரெண்டு பேருக்கும் மூச்சு ஒரே இடத்துலல்லா விழுது.”

நம் படங்களில் இரவல் குரல் ஊரறிந்த சங்கதி. ஆனால் மூச்சை வைத்து ஆளைப் பிடிக்கிறவளை நான் அன்றுதான் பார்த்தேன்.

எமில்டாவின் மாதா கோவில் திருவிழாவுக்கு அப்போதெல்லாம் வருடந்தோறும் பெரிய நாடகம் உண்டு. பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுவார்கள். அது பழைய வழக்கம். ராணி வேடம் செபாஸ்டினுக்கு. பட்டும் சவுரியும் வைத்துவிட்டால் பெண்களே பொறாமைப்படுகிற முகம். வாயைத் திறந்தால் துறைமுகத்து இழுவைப்படகு ஊதுகிற மாதிரி இருக்கும். நாடகம் பழக்கிய அண்ணாவியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ராணிக்கு அங்கி தைக்க அளவெடுக்கப் போயிருந்த பதினெட்டு வயது எமில்டா, அவர் வாயை அசைக்கட்டும், நான் பின்னால் இருந்து பாடுகிறேன் என்றாள். காலைக் காட்சியில் படித்த பாடம்.

அவள் அம்மா அந்தோணியம்மாள் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள். கல்யாணமாகாத பெண்; எந்தக் காலத்திலும் பெயர் வெளியே வரக்கூடாது. எமில்டாவும் செபாஸ்டினும் மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியம் செய்தார்கள்.

மேடையின் பின்திரையில் கடல் வரைந்திருக்கும். அதில் ஒரு பாய்மரத்தின் நடுவில் சின்ன ஓட்டை. எமில்டா அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். செபாஸ்டினின் இடது தோள் உயர்ந்தால் பாட்டு ஆரம்பிக்க வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன். அவளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்வதுண்டு. கொடுத்தது சொம்பில் தண்ணீர்.

ஒன்பது வருடங்கள் இப்படியே நடந்தன. ‘குயில்’ செபாஸ்டினைக் கேட்க விளாத்திகுளத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாண வீட்டில் பாடச் சொன்னால் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். புனிதருக்கு நேர்ந்துகொண்ட குரலாம், அந்த மேடையைத் தவிர வேறெங்கும் பாடமாட்டாராம். நேர்ச்சை என்று ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் கடற்கரையில் மறுபேச்சுக் கிடையாது. முடி வளர்க்கிறவரையும் செருப்பில்லாமல் நடக்கிறவரையும் பார்த்த ஊர், பாடாத பாடகரையும் அதே மரியாதையோடு ஏற்றுக்கொண்டது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவர் நேர்ச்சை பொய். எமில்டாவின் சத்தியம் மெய். பூசையில் அவள் வாய் திறந்து பாடினால் முன் வரிசை திரும்பிப் பார்த்துவிடும். அதனால் பாடகர் குழுவில் சேரவில்லை. பூசையில் உதட்டை மட்டும் அசைப்பாள். பிள்ளைகளுக்குத் தாலாட்டுகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான். கணவருக்கே கல்யாணமாகி நாலாவது வருடம்தான் விஷயம் தெரியும். அண்ணாவியார் இறந்ததும் நாடகம் நின்றது. சத்தியம் நிற்கவில்லை. இப்போதாவது சொல்லேன் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சாட்சிக்கு உன்னைத்தான் கூப்பிட வேண்டும், உன் பேச்சை எவன் நம்புவான் என்பாள்.

போன வருடம் விழாக் குழுச் செயலாளர் ரெக்சன் நாடகத்தை மறுபடி போடுவதாக அறிவித்தார். செபாஸ்டினுக்குப் பாராட்டும் உண்டு. அதோடு விட்டிருக்கலாம். நல்லெண்ணத்தில் பங்குச் சாமியாரிடம் போய், பெரியவரின் நேர்ச்சையை அவிழ்த்துவிடக் கேட்டார். சாமியாரும் சந்தோஷமாக அவிழ்த்துவிட்டார். ‘ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் குயில் பாடுகிறது’ என்று நோட்டீஸ் வந்தது.

இரண்டாவது வாரம், எண்பத்திரண்டு வயது செபாஸ்டின் மாப்பிள்ளையூரணியில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்து எமில்டாவின் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் இருந்தேன்.

“ஏளா எமில்டா, ஒரே ஒரு தடவ. நாலு வரி.”

“குரலு கிழிஞ்சு கெடக்குண்ணே.”

“எனக்கும் வயசு எம்பத்திரண்டு. கிழிஞ்ச குரலுதான் பொருத்தம்.”

எமில்டா சிரித்துவிட்டாள். பிறகு, இத்தனை வருடத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“பாடுனது யாருன்னு நீங்க என்னைக்காவது ஒரு ஆளுகிட்டயாவது சொன்னீங்களா?”

செபாஸ்டின் தரையைப் பார்த்தார். “சொல்லணும்னுதான் இருந்தேன். கைதட்டு நிக்கட்டும்னு பாத்தேன். நிக்கவே இல்ல.”

அவள் ஒரு கைப்பகுதியைத் தைத்து முடித்தாள். பிறகு, பாட வருகிறேன் என்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். பாதி குடித்திருந்தேன்.

விழா நாள் சாயங்காலம் அதே கடல் திரை. எலி கடித்த இடங்களுக்கு எமில்டாவே ஒட்டுப் போட்டிருந்தாள். பின்னால் அவளுக்கு ஒரு நாற்காலி, மடியில் தையல் பை. எனக்கு ஒரு ஸ்டூலும் பழைய சொம்பும். முன்னால் மைக்கில் செபாஸ்டின். இடது தோள் உயர்ந்தது.

குரல் ஓரங்களில் பிசிறடித்தது. ஆனால் மூச்சு அன்றைக்கு விழுந்த இடத்திலேயே விழுந்தது. மூன்றாவது வரியில் திரைக் கயிறு விட்டுக்கொடுத்து, கடல் மொத்தமும் மேடையில் சரிந்தது. எமில்டா பாட்டை நிறுத்தவில்லை. எழுந்து நின்று, இசைத்தட்டு உறையில் இருந்த மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். செபாஸ்டினின் வாய் இன்னும் அரை வரி அசைந்து நின்றது. திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கைத் தூக்கிக்கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். நாலு வரியோடு விடவில்லை, முழுப் பாட்டையும் பாடினாள். ரெக்சன் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி, யார் தோளில் போடுவது என்று தெரியாமல் நின்றார்.

கயிற்றை இழுத்தது நான்தான் என்று அதற்குப் பிறகு சந்தையிலும் பஸ்ஸிலும் சொல்லி வருகிறேன். இற்றுப்போன கயிறு, யார் கை பட்டால் என்ன?

இதுவரை எழுதியதை எமில்டாவுக்கு வாசித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்தினாள்.

“ஏளா ஆதிலக்ஷ்மி, நீ இழுக்கவும் இல்ல, கயிறு இத்துப்போகவும் இல்ல. நீ அன்னேரம் குனிஞ்சு சொம்புக்கு மூடி தேடிக்கிட்டிருந்த. சாமி அவரு நேர்ச்சைய அவுத்தாருன்னு கேட்ட மறுநாளே நானும் போயி என் சத்தியத்த அவுத்துட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம்தான் செபாஸ்டின் அண்ணன் இங்கன வந்தாரு. நாலு வரி பாட யாராவது பையில கத்தரிக்கோல் கொண்டுட்டுப் போவாங்களா?”