கால்வாய் இல்லாத வரைபடம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பொன்னேரியில் ஒரு தனியார் சர்வேயரிடம் டிரேசராக வேலை பார்த்தேன். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, அதுதான் அலுவலகம். வயலையோ தோப்பையோ வீட்டுமனைகளாகப் பிரிப்பவர்கள் அவரிடம் வருவார்கள். நிலத்தை அளந்து அவர் பென்சிலில் படம் போட்டுத் தருவார். அதன் மேல் வழவழப்பான டிரேசிங் துணியை விரித்து நான் மையால் கோடு இழுக்க வேண்டும். ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் துணி வெளுத்து அந்த இடம் பாழாகிவிடும். ஆனால் காற்றில் துணி பறக்கும் என்று சர்வேயர் சார் மின்விசிறியைப் போடவிட மாட்டார். புறங்கையால் நெற்றியைத் துடைத்துத் துடைத்தே அந்த வேலையைப் பழகினேன். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்த நேரம். இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்த சில குடும்பங்கள் சேர்ந்து, ஊருக்கு வெளியே கொஞ்சம் புஞ்சை நிலம் வாங்கியிருந்தார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி இருந்தால்தான் ஆலையில் வீட்டுக்கடன் கிடைக்கும். அதற்காக எங்களிடம் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், ஒரு பெண்ணைத் தவிர. அவள் பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். கணவனுக்கு ஆலையில் வேலை, அவளுக்குச் சந்தையில் மீன் வியாபாரம். கணவன் அதிகம் பேசாதவர் என்பதால் அவர்கள் வீட்டுக்கு அவள்தான் வாய். நான் அவளை அக்கா என்றேன்.

என் மேசைக்கு வந்து படத்தை எட்டிப் பார்த்தாள். "எங்க ஊடு எங்க வருது பாப்பா?" என்று கேட்டாள். தெருக்கோடியில், அந்த நிலத்திலேயே இருந்த ஒரு குட்டைக்கு முன்னால் வரும் மனையைக் காட்டினேன். விரலை வைக்கப் போனவள், மீன் கை என்று நினைத்தாளோ என்னவோ, இழுத்துக்கொண்டாள். குட்டை பக்கத்தில் இருப்பது நல்லது, துணி துவைக்க ஆகும் என்றாள்.

படத்தை, மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் பட்டணத்து அலுவலகத்துக்கு அனுப்பினோம். திரும்பி வந்தது. அளவுகள் அடியில் இருக்கின்றன, மீட்டரில் வேண்டும் என்றார்கள். கிராமத்து வரைபடமே பழைய நில அளவைச் சங்கிலிக் கணக்கில்தான் இருந்தது. பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும் இருந்தன. எல்லாவற்றையும் மாற்றிப் புதிய துணியில் மறுபடி வரைந்தேன். அதுவும் திரும்பி வந்தது. தெரு அகலம் போதாது, கோடியில் வண்டி திரும்ப இடம் விடவில்லை என்றார்கள். அது நியாயமான பேச்சு. ஒவ்வொரு மனையிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துத் தெருவை அகலப்படுத்தினோம். மூன்றாவது முறை, புளூ பிரிண்டில் நான் தீட்டியிருந்த வண்ணங்கள் சரியில்லை என்று வந்தது. இருக்கிற சாலைக்கு ஒரு நிறம், போடப்போகிற சாலைக்கு வேறு நிறமாம். இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாமே என்று சாரிடம் கேட்டேன். அவர்கள் ஒரு நேரத்தில் ஒரு குறைதான் பார்ப்பார்கள் என்று சொல்லி அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

விதிகளின் மேல் எனக்கு அப்போதும் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. தெரு அகலமாக இருக்க வேண்டும், குழந்தைகள் விளையாட இடம் வேண்டும், சாக்கடை எங்கே போய் விழும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இதையெல்லாம் யாராவது கட்டாயப்படுத்தத்தான் வேண்டும். அதனால்தான் முனகாமல் மறுபடி மறுபடி வரைந்தேன். என் கோபம் நான்காவது முறை தொடங்கியது.

ஒவ்வொரு மனைப்பிரிவிலும் பொதுவுக்கென்று திறந்தவெளி விட வேண்டும். எங்கள் படத்தில் அந்தக் குட்டையையும் அதன் கரையையும் அப்படிக் காட்டியிருந்தோம். அலுவலகத்தில் அதைக் கையாண்ட அதிகாரி சாரை வரவழைத்தார். பிரிண்டுகளைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தின் மேல் குனிந்து, குட்டையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். நீர்நிலை எப்படிப் பூங்காவாகும், நீர்நிலையைத் தொடக்கூடாது, கணக்கிலும் சேர்க்கக்கூடாது, வேறு இடம் காட்டுங்கள் என்றார். கிராமத்து வரைபடத்தோடு ஒப்பிட்டு, குட்டையின் கரை ஒரு மூலையில் சற்றே கோணலாக இருப்பதையும் கண்டுபிடித்தார். அவ்வளவு கூர்மை.

வேறு இடம் என்றால் யாராவது ஒருவருடைய மனை போக வேண்டும். குடும்பங்கள் எல்லாம் அந்த நிலத்திலேயே கூடிச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அக்காவின் கணவர் பெயர் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாராம். அக்கா மறுநாள் கூடையோடு எங்கள் படியேறி வந்து இதையெல்லாம் சொன்னாள். தாங்கள் போட்ட பணத்தை எல்லாரும் சேர்ந்து திருப்பித் தந்துவிடுவார்கள், பக்கத்திலேயே வேறு இடம் பார்க்கிறோம் என்றாள். "யாருக்கனா வந்துதானே ஆவணும் பாப்பா, எங்களுக்கு வந்துச்சு" என்றாள். அவள் கீழே இறங்கிப் போன பிறகு அவளுடைய மனைக்குப் பச்சை வண்ணம் தீட்டினேன். அனுமதி வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அரிசி மில் முதலாளி ஒருவர் எங்களிடம் வந்தார். ஆலைக் குடும்பங்களின் நிலத்துக்கு மேற்கே அவர் ஒரு பெரிய வயலை வாங்கியிருந்தார். அந்த வயலின் குறுக்கே ஒரு கால்வாய் ஓடியது. மேலே இருக்கிற ஏரியின் உபரித் தண்ணீர் அதன் வழியாகத்தான் இந்தக் குட்டைக்கு வரும். கிராமத்து வரைபடத்தில் இரட்டைக் கோடாக அது தெளிவாக இருந்தது. சார் தந்த பென்சில் படத்தில் இல்லை. விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து நான் அதையும் சேர்த்து மையிட்டேன். சார் வந்து பார்த்தார்.

"அது காய்ஞ்சுபோன கால்வாம்மா. தண்ணி வந்து எத்தினி வருசம் ஆவுது. சுரண்டிடு" என்றார்.

குட்டையின் கோணல் மூலையைக் கண்டவர்கள் இதைக் காணாமல் விடுவார்களா என்று கேட்டேன். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். என்னால் முடியாது என்று சொல்லி, மை சுரண்டும் பிளேடை மேசை மேல் வைத்தேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. துணியைச் சுருட்டிக்கொண்டு போய் வேறொருவரிடம் கொடுத்துப் புதிதாக வரையவைத்தார். அந்தப் படம் அதே அதிகாரியின் மேசைக்குப் போனது. ஒரே தடவையில் கையெழுத்தாகி வந்தது. மீட்டரா, வண்ணமா, கோணலா என்று எந்தக் கேள்வியும் இல்லை. என் சம்பளத்தில்தான் வீட்டில் பாதிச் செலவு நடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அதற்குள் மில் முதலாளி கால்வாயைத் தூர்த்து, மேலே செம்மண் கொட்டி, மனைக்கல் நட்டுவிட்டார். ஏரி நிரம்பியதும் தண்ணீர் பழைய வழியில் வந்து பார்த்தது. வழி இல்லாததால் மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு ஆலைக் குடும்பங்களின் தெருவில் புகுந்தது. கடன் வாங்கி எழுப்பிய சுவர்கள் அப்போதுதான் இடுப்பளவுக்கு வந்திருந்தன. இரண்டு வீட்டுச் சுவர்கள் சரிந்தன. குட்டையோ கால்வாசிகூட நிரம்பாமல் கிடந்தது. ஷிப்ட் முடிந்து வந்த ஆண்களும் வீட்டுப் பெண்களும் மண்வெட்டியோடு போய் மில் முதலாளியின் மண்மேட்டை வெட்டி வழி விட்டார்கள். மனை இல்லாமல் போன அக்காவும் அவள் கணவரும்கூட வெட்டினார்கள்.

மில் முதலாளி புகார் கொடுத்தார். மழை விட்ட ஒரு காலையில் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். முதலாளி, நிலக்கணக்கு பார்க்கும் ஊர்க் கர்ணம், சார் எல்லாரும் இருந்தார்கள். பிரிண்டுகளோடு நானும் இருந்தேன். அதிகாரி சேற்றில் இறங்காமல் ஜீப்பின் படியிலேயே நின்றுகொண்டு, அனுமதி பெற்ற மனைப்பிரிவைச் சேதப்படுத்தியது குற்றம் என்றார். தொழிலாளர்களின் நிலம் தாழ்வாக இருக்கிறது, சொந்தச் செலவில் மண் கொட்டி உயர்த்தாவிட்டால் அவர்களுடைய அனுமதியை மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும் என்றும் சொன்னார். சுவர் இடிந்தவர்களைப் பார்த்து இதைச் சொன்னார்.

அக்கா முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க குட்டைய குட்டைன்னு கண்டுபுடிச்சி எங்க ஊட்ட எடுத்துக்கினீங்க சார். சரின்னு குட்த்துட்டோம். இந்தக் கால்வா மட்டும் எப்டி சார் உங்க கண்ணுல படாம பூட்ச்சி?"

அங்கே கால்வாயே கிடையாது, வேண்டுமானால் படத்தைப் பாருங்கள் என்று அதிகாரி என் கையில் இருந்த சுருளைக் காட்டினார். அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"நான் மொதல்ல வரைஞ்ச படத்துல கால்வாய் இருந்துது சார். எடுக்கச் சொன்னாங்க. நான் எடுக்கல" என்றேன்.

சார் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பொண்ணுக்கு வேறு எந்தப் படமோ நினைவில் குழம்புகிறது என்று அதிகாரியிடம் மெல்லச் சொன்னார். அதிகாரி ஜீப்புக்குள் உட்கார்ந்துவிட்டார். கர்ணம்தான் தயங்கித் தயங்கி, கிராமத்து வரைபடத்தில் கால்வாய் புறம்போக்கு என்று இருப்பது உண்மைதான் என்றார். அவர் அதைச் சொன்னதால் விஷயம் தாசில்தார்வரை போனது.

மறுநாள் நான் படியேறப் போனபோது, இனி வேலை இல்லை என்று சைக்கிள் கடைக்காரர் கீழேயே நிறுத்திச் சொன்னார். சார் அதைக்கூட நேரில் சொல்லவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்னபோது அப்பா திட்டவில்லை. நடவுக்கு ஆள் குறைகிறது, வா என்றார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

தாசில்தார் கால்வாயைத் திறக்கச் சொல்லி உத்தரவு போட்டார். முதலாளி திறக்கவில்லை. தன் மனைப்பிரிவின் தெருவுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்து, இதுதான் கால்வாய் என்றார். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். சுமாரான மழைக்கு அது போதும், பெருமழைக்குப் போதாது. அதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் தீட்டிய பச்சையில் பூங்கா எதுவும் வரவில்லை. பஞ்சாயத்து அதில் ஒரு செடிகூட நடவில்லை. சில வருடங்களில் மில் லாரிகள் அங்கே வந்து நிற்கத் தொடங்கின.

அக்காவுக்கு அந்தப் பக்கத்தில் வேறு மனை அமையவில்லை, விலை ஏறிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். ரயில் பாதை ஓரத்துப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பதாகச் சொன்னாள். அகலமான தெரு உண்டா, வண்டி திரும்ப இடம் உண்டா என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அங்க ஒருத்தனும் பிளான் கேக்கல பாப்பா."

தண்ணீருக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். குழாய்க்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அனுமதி பெறாத இடம், அதனால் தர முடியாது என்று பதில் வந்ததாம். பக்கத்துத் தொழிற்சாலை வாசலில் காவலாளியைக் கெஞ்சித்தான் தினமும் குடத்தில் பிடித்து வருகிறாளாம்.