இருபத்து மூன்று மெமோக்கள்

சுந்தரராமன் சாருக்குத் தொழிலாளர் சட்டம் தெரியும். இதை அவரே சொல்வார். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்வார். மாலை நேரச் சட்டக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, மூன்றாம் வருஷம் படிக்காமலே ஸ்ரீவராகத்து வீட்டுக்குத் திரும்பியவர். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் லாட்ஜுக்கு 1991-இல் மானேஜராக வந்தார். நான் அங்கே ரிசப்ஷனில் இருந்தேன். டைப் அடிக்கத் தெரியும் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னதால், அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

வந்த வாரமே முதலாளிக்குப் பாடம் நடத்தினார். "ஆறு மாசம் தொடர்ச்சியா வேலை பாத்தவாளை சும்மா வெளியில அனுப்ப முடியாது, கேட்டேளா. அதனால அஞ்சாம் மாசம் ரெண்டு நாள் நிறுத்தணும். மூணாம் நாள் வேற பேர்ல சேத்துக்கலாம். இன்னொண்ணு. இங்க ஒருத்தருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் குடுக்கப்படாது."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே சாருக்குத் தனி அறையும் சுழல் நாற்காலியும் கிடைத்தன. ஆர்டர் கிடைக்கவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியும் இல்லை.

இந்தத் திட்டத்தில் அதிகம் அரைபட்டவள் சுடலைமாடத்தி அக்கா. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்த புருஷனோடு வந்தவள். இரண்டாம் மாடியில் பதினாலு அறைகளும் அவள் பொறுப்பு. வருகைப் பதிவேட்டில் தையில் சுடலை, ஆனியில் மாடத்தி, கார்த்திகையில் சுடலி. இப்படி பன்னிரண்டு வருஷத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்து போனார்கள். அத்தனை பேரும் ஒரே விளக்குமாற்றோடு, ஒரே இடுப்பு வலியோடு.

இதோடு நிறுத்தியிருந்தால் சார் பிழைத்திருப்பார். ஆனால் மனுஷனுக்கு மெமோ கொடுக்காமல் இருக்க முடியாது. சிலருக்கு மூக்குப்பொடி, இவருக்கு மெமோ. படிக்கட்டில் வாளியை வைத்தாள், மெமோ. தாழ்வாரத்தில் சத்தமாகச் சிரித்தாள், மெமோ. எல்லாம் சுத்தமான இங்கிலீஷில். பதிவேட்டில் எந்தப் பெயர் ஓடினாலும் சரி, மெமோவில் அவளுடைய முழுப் பெயர், புருஷன் பெயர், சேர்ந்த வருஷம், போன மெமோவின் தேதி அத்தனையும் இருந்தாக வேண்டும். கீழே அவர் கையெழுத்து, மானேஜர் என்ற முத்திரை. "மெமோல ஒரு குறை இருக்கப்படாது தாணு. நாளைக்குக் கோர்ட்டுல நிக்கணும்" என்பார். நின்றது, நின்றது!

சுடலைமாடத்தி அக்காவுக்குத் தமிழே வாசிக்க வராது. அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? சீல் வைத்த காகிதம் வருஷா வருஷம் தருகிறார்கள் என்றால், வேலை நிலைத்துவிட்டது என்று நினைத்தாள். ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் பையிலேயே அத்தனையையும் பத்திரப்படுத்தினாள். மற்ற பெண்களிடம் பெருமை வேறு. "ஒங்களுக்கு ஒண்ணோ ரெண்டோ. எனக்கு எத்தன இருக்கு பாத்தியளா?"

ஒரு தடவை என்னிடமே கேட்டாள். 1996-ஆக இருக்கும். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்து, அடக்கம் முடித்து வேலைக்கு வந்த அன்று அவள் கையில் ஒரு காகிதம் கொடுக்கப்பட்டது. "தாணு தம்பி, இதுல என்ன எழுதியிருக்காவ?" என்றாள். "வேலை விஷயந்தான் அக்கா" என்று சொல்லிவிட்டு, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

2003-இல் முதலாளிக்கு லாட்ஜை நவீனமாக்கும் ஆசை வந்தது. யூனிபார்ம் போட்ட காண்ட்ராக்ட் பெண்கள் வருவார்களாம். சுடலைமாடத்தி அக்காவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதற்கு மட்டும் மெமோ இல்லை.

"இந்த வேலய விட்டா எனக்குக் கஞ்சிக்கு வழியில்ல சாரே. இந்த வயசுல யாரு என்னச் சேப்பாவ?" என்று அறை வாசலில் நின்று அழுதாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். நான்தான் சாத்தினேன். பக்கத்தில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர் யூனியன்காரர்கள்தான் அவளை உட்காரவைத்து, லேபர் ஆபீஸுக்குப் புகார் எழுதிக் கொடுத்தார்கள்.

நோட்டீஸ் வந்ததும் சார் பதறவே இல்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் மெமோ ஃபைல் முழுவதையும் வைத்துக் கொளுத்தினார். "அவகிட்ட காப்பி இருக்குமே சார்?" என்றேன். "அவளாவது, வச்சிண்டிருக்கவாவது! அடுப்பு பத்தவச்சிருப்பா" என்று சிரித்தார்.

லேபர் ஆபீஸர் ஒரு மலையாள அம்மா. அவர் முன்னால் சார் பதிவேட்டை விரித்து, சுடலைமாடத்தி என்று ஒருத்தி ஐந்து மாதத்துக்கு மேல் இங்கே வேலை பார்த்ததே இல்லை என்று சட்டப் பிரிவுகளோடு பேசினார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. அப்போது அக்கா மடியிலிருந்த பையைத் திறந்து காகிதங்களை மேஜைமேல் வைத்தாள். இருபத்து மூன்று.

ஆபீஸர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வருஷத்துக்கு வருஷம், ஒன்றையொன்று கை பிடித்துக்கொண்டு வந்து நின்றன. "இது சாறின்டெ ஒப்பு தன்னேயல்லே?" என்று கையெழுத்தைக் காட்டிக் கேட்டார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அக்கா மறுவாரமே வேலையில் சேர்ந்தாள், தன் சொந்தப் பெயரில், ஆர்டரோடு. அந்த மாதமே முதலாளி சாரை வெளியே அனுப்பினார். சார் நேராக லேபர் ஆபீஸுக்கு ஓடினார். மானேஜருக்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதே அம்மா சொல்லி அனுப்பிவிட்டார். இந்த வரி அவர் படிக்காத மூன்றாம் வருஷத்தில் இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து லாட்ஜுக்கு வந்தார். சட்டைக் காலர் கசங்கியிருந்தது. கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை இருக்கிறதாம், பன்னிரண்டு வருஷ அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்கிறார்களாம். முதலாளி தர மாட்டார். ஆர்டர் இல்லை, ஃபைல் சாம்பல். அவர் இங்கே மானேஜராக இருந்ததற்கு உலகத்திலேயே சாட்சி அக்காவின் பைதான்.

"ரெண்டு மூணு குடுத்தாப் போறும், மாடத்தி" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

அக்கா பையை எடுத்துவந்து, மூலை மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை உருவினாள். "தாரேன் சாரே. இதுல என்னன்னு மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க. அவுக செத்த வாரம் குடுத்தது."

வேறு வழியில்லாமல் தமிழில் சொன்னார். "முன் அனுமதி இல்லாம நாலு நாள் வரலை... காரணம் புருஷன் மரணம்னு சொன்னது... அதுக்குத் தக்க அத்தாட்சி எதுவும் குடுக்கலை..."

அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. "எம் புருஷன் செத்ததுக்குச் சீட்டு கேட்டிருக்கீக. நீங்க வேல பாத்ததுக்கு இப்ப நான் சீட்டு தரணும், இல்லியா சாரே?" என்று கேட்டாள். மூன்று காகிதங்களை எண்ணாமல் எடுத்து நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நன்றாக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அக்கா கவுண்டர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணைக்கு இத நான் ஒங்கிட்டதான கேட்டேன், தாணு தம்பி?"