பக்கத்து சீட்டின் பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காருக்கு இரண்டு பிரேக். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொன்று. அந்த இரண்டாவதை மிதித்து மிதித்தே பேர் வாங்கியவர் நம் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பிரேக் மாஸ்டர்'. அது அவர் காதுக்கும் எட்டியது. மனிதர் அதைப் பாராட்டு என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோனார்.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்பதுதான் அவருடைய முதல் பாடம், கடைசிப் பாடம் எல்லாம். நாய் குறுக்கே வந்தால் மிதிப்பார். வராவிட்டாலும், வந்தால் என்ன ஆவது என்று மிதிப்பார். இத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவரிடம் படித்தவர்களில் எத்தனை பேருக்கு லைசென்ஸ் கிடைத்தது என்று கேட்டால் மட்டும், டயரில் காற்று பார்க்கக் குனிந்துவிடுவார்.

அப்படிக் கிடைக்காதவர்களில் ஒருவர் அவர் வீட்டிலேயே இருந்தார். மனைவி, நர்ஸம்மா. இரண்டு முறை டெஸ்டுக்குப் போய் இரண்டு முறையும் ஒரே இடத்தில் கோட்டைவிட்டார். ரிவர்ஸில் வந்து கம்பங்களுக்கு நடுவே கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். அழகாகத்தான் திரும்பி வருவார். கோடு வந்ததும் நிறுத்தாமல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். டெஸ்டுக்கும் இதே கார்தான்; பக்கத்து சீட்டில் இருக்கும் அதிகாரி பதறிப் பிரேக்கை மிதிப்பார். அவர் மிதித்துவிட்டால் டெஸ்ட் அவ்வளவுதான்.

"ஏம்மா, கோடு வந்தா நிறுத்தணும்னு தெரியாதா உனக்கு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"தானா நிக்கும்னு இருந்துட்டேங்க."

"கார் எப்படிம்மா தானா நிக்கும்?"

"உங்களோட வர்றப்ப நிக்குதே!"

இது மாஸ்டர் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

நர்ஸம்மாவுக்கு இது விளையாட்டு இல்லை. வருடக்கணக்கில் நைட் டியூட்டி பார்த்துக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது. இப்போதுதான் ஆஸ்பத்திரியில் பகல் வேலை ஒன்று வந்திருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். காரை ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பார்கள், ஓட்டத் தெரிந்தால் போதும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் அந்த வேலை இன்னொருத்திக்குப் போய்விடும்.

"வாயால சொன்னா உனக்கு ஏற மாட்டேங்குது. படம் போட்டுக் காட்டுறேன், பாரு" என்றார் மாஸ்டர். மேலேயிருந்து பார்ப்பது போல ஒரு குட்டிக் கார், அது திரும்பி வந்து சமர்த்தாகக் கோட்டுக்குள் நிற்கிற மாதிரி ஓர் அனிமேஷன் படம். அந்த மென்பொருளின் பெயரைக்கூட அதுவரை கேட்டதில்லை அவர். ஆனாலும் ஆசை யாரை விட்டது!

மனைவியின் தம்பி விளம்பரப் படம் செய்கிற ஆபீஸில் வேலை பார்ப்பவன். மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்துவிட்டு அத்தான் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மாஸ்டர் மவுஸைத் தொட்டதும் ஆரம்பித்தான்.

"அது இல்ல அத்தான், இது. குடுங்க இங்க."

மவுஸ் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

"எதையாவது அழிச்சுட்டா என்னடா பண்றது?"

"பயப்படாதீங்க அத்தான், நான் இருக்கேன்ல."

மாஸ்டருக்கு அப்பாடா என்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மஞ்சள் கார் ஒன்று பிறந்து, இரண்டு கம்பமும் ஒரு கோடும் முளைத்தன. எல்லாம் புரிந்துவிட்டது போலவே இருந்தது. மறுநாள் தனியாக உட்கார்ந்து திறந்தபோதுதான், எந்தப் பட்டன் எதற்கு என்று ஒரு மண்ணும் தெரியவில்லை என்பது தெரிந்தது. திருதிருவென்று விழித்தார்.

மச்சானோ ஆபீஸ் வேலையாக வெளியூர் போய்விட்டான். போன் அடித்தால் எடுக்கவில்லை. கார் ரெடி, சக்கரம் மட்டும் திரும்ப வேண்டும். ஆனது ஆகட்டும் என்று முன்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். சக்கரம் காரைவிட்டுக் கழன்றது. திரையை ஒரு சுற்றுச் சுற்றி, கம்பத்துக்குள் புகுந்து, ஒன்றும் நடக்காதது போல மறுபக்கம் வந்தது.

எட்டிப் பார்த்த நர்ஸம்மா கேட்டார்: "இது என்னங்க, காரா, ராட்டினமா?"

"சிரிக்காத போம்மா!"

அவசர அவசரமாக அன்டூவை அழுத்தினார். சக்கரம் பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி திருப்பினார், மறுபடி பறந்தது. எரிச்சலில் கண்டதையும் பிடித்து இழுத்ததில், திரையின் நடுவில் இருந்த பொடிக் கூட்டல் குறி ஒன்று ஓரத்துக்கு நகர்ந்தது. இப்போது சக்கரம் அந்த ஓரத்தைச் சுற்றியது. அட! குறி எங்கே இருக்கிறதோ அங்கேதான் சுற்றுமா? வேண்டுமென்றே குறியைக் கம்பத்தின் தலையில் வைத்தார். கம்பத்தைச் சுற்றியது. காரின் முன்விளக்கில் வைத்தார். விளக்கைச் சுற்றியது. மனிதருக்குக் குஷி தாங்கவில்லை. போதும் போதுமென்கிற அளவுக்குத் தப்பு செய்துவிட்டுக் குறியைச் சக்கரத்தின் நடுவிலேயே கொண்டுவந்து வைத்தார். சக்கரம் இருந்த இடத்தில் சமர்த்தாகத் திரும்பியது.

"அடி சக்கை!" என்று நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார்.

மச்சான் இதே குறியை அவர் கண்ணெதிரே எத்தனையோ தடவை நகர்த்தியிருக்கிறான். ஒரு தடவைகூட அவர் கண்ணில் பட்டதில்லை. இனிமேல் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஊரிலிருந்து வந்த மச்சான் நேரே கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றான். "இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் அத்தான்? குடுங்க" என்று மவுஸ்மேல் கையை வைத்தான். மாஸ்டர் அந்தக் கையில் பட்டென்று ஒன்று போட்டார்.

"கைய எடுடா! தப்பாப் போனா போகட்டும். நீ புடுங்கிப் புடுங்கிச் செஞ்சா நான் எப்படா கத்துக்கிறது?"

மச்சான் கையை இழுத்துக்கொண்டான். வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்த நர்ஸம்மா விடவில்லை.

"இதையேதானே நானும் இத்தனை நாளாச் சொல்லிட்டிருக்கேன். என் விஷயத்துல கை இல்ல, கால். எடுக்கிறீங்களா?"

மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. கீறல் இல்லாத வண்டி நினைவுக்கு வந்தது. லைசென்ஸ் கிடைக்காமல் போனவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. வெட்கமாக இருந்தது. மச்சான் முன்னால் காட்டிக்கொள்ளாமல், "டீ ஆறுது, குடு" என்று சமாளித்தார்.

மறுநாள் காலை மைதானத்தில் கம்பம் நட்டுப் பயிற்சி. மிதிக்கக் கூடாது என்று மனதுக்குள் சத்தியம் செய்துவிட்டுத்தான் ஏறினார். கார் நகர்ந்ததும் கால் தன்பாட்டுக்கு மிதித்தது.

"ஏங்க!"

"நான் இல்லம்மா, அதுவா போகுது."

கடைசியில் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கார் பின்னால் போனது. கோடு வந்தது, போனது. மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டமார்! கம்பம் சாய்ந்தது. பின் பம்பரில் அந்த வண்டியின் வாழ்நாளிலேயே முதல் நசுங்கல்.

இறங்கிப் பார்த்த நர்ஸம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "திட்டுங்க."

மாஸ்டர் பம்பரைத் தடவினார். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. "கம்பத்தை நட்டுட்டு வா. மறுபடி போ" என்றார்.

இன்னும் இரண்டு கம்பங்கள் சாய்ந்தன. அதற்கடுத்த தடவை கோட்டுக்குள் கார் நின்றது. மாஸ்டர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் சீட்டின் மேலேதான் இருந்தன.

டெஸ்ட் அன்றைக்கு அவர் வேலிக்கு வெளியே நின்றார். நர்ஸம்மா கம்பங்களுக்கு நடுவே வந்து, கோட்டுக்குள் கச்சிதமாக நிறுத்தினார். அதிகாரியின் கால் அசையவில்லை. வெளியே மாஸ்டரின் செருப்பு மட்டும் மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது.

வீட்டுக்கு நர்ஸம்மாவே ஓட்டினார். முதன்முதலாக நெரிசலான ரோடு. எதிரே ஒரு லாரி. மாஸ்டர் அவசரமாகச் செருப்பை உதறிக் காலை மேலே இழுத்துக்கொண்டார்.

நர்ஸம்மா ரோட்டிலிருந்து பார்வையைத் திருப்பாமலே சொன்னார்:

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல."