அழித்தும் கூடாத இடம்

கல்முனையில் கமெராக் கடை நடத்தும் ஸுல்பிகா, வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகைக்குக் கடை மூடுமுன், கணினி வட்டில் அந்நேரம் உள்ளதை அப்படியே பிடித்துவைக்கும் ‘ஸ்னாப்ஷொட்’ எடுத்துவைப்பாள். ஒரு வெள்ளி காலை, எதிர்த்துக் கதைத்த தொழிலாளி நூஹுவின் கையை ஆலை முதலாளி இரும்புக் கம்பியால் முறித்தது அவள் கடை வாசலில்தான். கடைக் கமெராவில் அது பதிவாகியிருந்தது; வழமைபோல் ஸ்னாப்ஷொட்டும் எடுத்துவிட்டாள்.

தொழுதுவிட்டுத் தொப்பியோடு வந்த முதலாளி அவள் வாயில் அறைந்தான்.

"வீடியோவ அழி புள்ள, இல்லாட்டி உன்ட கையும் போகும்!"

இரத்தத்தைத் துப்பிவிட்டு அழித்தாள்.

"அழிச்சும் வட்டுல இடம் கூடல்லயே, ஏமாத்துறியா?"

"கம்பியூட்டர மூடித் திறந்தாத்தான் கூடும், முதலாளி."

நம்பிப் போனான். ஸ்னாப்ஷொட் பிடித்துவைத்த கோப்பை அழித்தாலும் இடம் விடுபடாது. கோப்பு உள்ளேயே கிடக்கும். அதை மீட்டெடுத்தவள், தன் உதடு கிழிந்த பதிவையும் சேர்த்துப் பொலிஸில் கொடுத்தாள்.