ஹோட்டல் ஸ்லோவாக்கும் என் சம்பந்தியம்மாவும்

எனக்குத் தெரிந்த ஸ்லோவாக் மொழி மொத்தமும் ஹோட்டலில் சாப்பாடு கேட்பதற்கானது. நூலகத்தில் எடுத்த சுற்றுலாக் கையேட்டில் விமான நிலையம், மருந்துக்கடை, போலீஸ் என்று ஏகப்பட்ட பக்கங்கள் இருந்தன. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அது உணவகப் பக்கத்தில் இருந்தது. "சூ ஃப் தொம் ஒரெஹி?" இதில் நட்ஸ் இருக்கிறதா? அதற்குத் துணையாக மற்ற வரிகளையும் தமிழ் எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொண்டேன்.

என் மகளுக்கு முந்திரி, பாதாம் எதுவுமே ஆகாது. அவளுக்கு ஏழு வயதானபோது, நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு பிறந்தநாள் விருந்து. அந்த வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, "கஜு எல்லாம் பொறுக்கி எடுத்துப்போட்டன், பிள்ளை பயப்பிடாமச் சாப்பிடட்டும்" என்று பாயசக் கிண்ணத்தை நீட்டினார். தங்கமான மனுஷி. நானும் தலையாட்டினேன். பத்து நிமிடத்தில் குழந்தையின் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆம்புலன்ஸ் வந்தது. நம்மவர்களுக்கு இது மட்டும் புரிவதே இல்லை. கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி முந்திரியையும் ஒதுக்கிவிடலாம் என்று நினைப்பார்கள். அன்றிலிருந்து எப்சம் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்குள் முந்திரி நுழைந்ததில்லை. யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் நேராகச் சமையலறைக்குள் போய் விசாரணை நடத்துவேன். அதனால் என்னை விருந்துக்குக் கூப்பிடுவதையே நிறுத்தியவர்களும் உண்டு.

மகள் வளர்ந்து, இங்கே வேலைக்கு வந்த ஒரு ஸ்லோவாக்கியப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வேலை மாறி ஊருக்குத் திரும்பிவிட்டார். இனி அவருடைய அம்மா வீட்டில்தான் குடித்தனம். "அம்மா, யூ சே ஓகே, ஐல் புக்" என்றாள் மகள். டிக்கெட் என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சமையலறையில் யார் விசாரிப்பார்கள்?

இந்த நிலையில்தான் சம்பந்தியம்மா மூன்று வாரம் எங்களோடு தங்க வந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஹோட்டலைத் தாண்டி ஸ்லோவாக் வராது. வந்த மறுநாளே அடுப்பைப் பிடித்துக்கொண்டார். சூப், உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி என்று தினமும் ஏதாவது செய்வார். நான் ஒவ்வொன்றையும் காட்டி "சூ ஃப் தொம் ஒரெஹி?" என்று கேட்பேன். "நியே" என்பார், இல்லை என்று அர்த்தம். முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நாலாம் நாள் சிரிப்பு இல்லை. ஒருநாள் வெறும் டீயைக் காட்டிக் கேட்டேன். கோப்பையை டக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"அம்மா! ஷீ இஸ் நாட் எ வெயிட்ரஸ்!" என்று மகள் கத்தினாள்.

"நீ சும்மா இருடி. எனக்குத் தெரியும்" என்றேன்.

அன்று மாலை சமாதானத்துக்காக "ப்ரோசீம் சி போலியெவ்கு" என்றேன், சூப் தாருங்கள் என்று. அவர் கைத்துண்டை முழங்கையில் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து வணங்கி, சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அவர் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் விருந்து சமைத்தேன். சம்பந்திக்கு முந்திரி இல்லாத பாயசத்தை எப்படி ஊற்றுவது? அந்த அம்மா பாயசத்தையே பார்த்ததில்லை, குறை சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒனிஹங்கா கடையில் ஒரு சின்ன முந்திரிப் பொட்டலம் வாங்கி வந்தேன். தனிக் கடாயில் நெய்விட்டு வறுத்து, அவருக்கான கிண்ணத்தில் மட்டும் கொட்டிக் கரண்டியால் கலக்கினேன். அவ்வளவு கவனம். பிறகு மகளுக்கு ஊற்றுவதற்காக அதே கரண்டியோடு பெரிய பாத்திரத்தின் பக்கம் திரும்பினேன்.

"நியே!"

சம்பந்தியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வலிக்கும்படியான பிடி. கரண்டியில் வழிந்த நெய்யைக் காட்டினார், பாத்திரத்தைக் காட்டினார், மகள் இருந்த அறையைக் காட்டினார்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். ஊரையெல்லாம் விசாரித்தவள் நான். அந்த யாழ்ப்பாணத்து அக்காவை மனசுக்குள் எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்! அவமானமாக இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது. சம்பந்தியம்மா கரண்டியையும் கிண்ணத்தையும் கடாயையும் வெளிக் குப்பைத்தொட்டியில் போட்டார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். மேடையை இரண்டு தடவை துடைத்தார். பிறகு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, தான் பிடித்த மணிக்கட்டைத் தடவிவிட்டார்.

"ஜாகுயெம்" என்றேன். நன்றி. என் தாளில் அது கடைசி வரி, பில் வந்த பிறகு சர்வரிடம் சொல்வதற்காக எழுதி வைத்தது. சொன்னதும் அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டிக்கெட் போடு" என்றேன்.

"அம்மா, ஆர் யூ ஷூர்?"

"போடுடி. எங்கிட்ட இருக்கிறதை விட இவங்ககிட்ட நீ பத்திரமா இருப்ப."