பக்கத்துக் கட்டில் அம்மாவின் வேண்டுதல்

என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகி, அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த மகளுக்குத் துணையாகத் திருச்சுழிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நல்ல உயரம், கணீரென்ற குரல், காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி.

ஒரு மத்தியானம், ஃபேனை யார் பக்கம் திருப்புவது என்று எங்களுக்குள் சண்டை. "ஒங்க புருசனுக்கு மட்டுந்தான் வேர்க்குதா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். நானும் விடவில்லை.

தினமும் விளக்கணைக்கும் முன், தரையில் பாயை விரித்து உட்கார்ந்து, கண்ணை மூடிச் சாமியிடம் வாய்விட்டுப் பேசுவது அவர் வழக்கம். அன்றும் பேசினார்.

"சாமி, எம்மகளுக்குக் காச்ச எறங்கணும். இந்த அம்மாவ நாக்கூசாமப் பேசிட்டேன். அவுக மூணு நாளாக் கண்ணு மூடல. அவுகளத் தூங்க வையி. அவுக வீட்டுக்காரரு எந்திரிச்சு நடக்கணும்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "இத மனசுக்குள்ள சொல்லக்கூடாதா?" என்றேன்.

"மனசுக்குள்ள சொன்னா நாஞ் செஞ்சதுதான் சரின்னு ஆயிருது, தாயி. வாயால சொன்னாத்தான் வெக்கமா இருக்கு. பெறகு லேசா இருக்கு."

அன்று விடியும்வரை தூங்கினேன். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது படுக்கும் முன் நானும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். என் நாத்தனார் பெயர் வரும்போது மட்டும் குரல் அடங்கிவிடுகிறது. அந்த அம்மாவோ நான் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து சொன்னார். எப்படி முடிந்தது அவரால்?